மெஷினே பதிவு பண்ணியிருக்கு, அப்புறம் என்ன? – ரேடார் தாத்தா பதில்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துப் பழைய ரேடார் மெக்கானிக்கான எனக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பறக்கும் தட்டு பற்றி. வாஷிங் மெஷின், ஜெனரேட்டர், டிவி ஏரியல் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகி: தாத்தா, நம் நாட்டுக் கரூ வறண்ட நிலத்தில் இருக்கிற மீர்காட் ரேடியோ டெலஸ்கோப், 3ஐ/அட்லஸ் என்ற விண்கலத்திலிருந்து ரேடியோ சிக்னல் பிடித்துவிட்டதாமே? எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு அனுப்புகிறார்கள். விஞ்ஞானிகள் மறைக்கிறார்களாம்.

மறைக்கிறவர்கள் அறிக்கை விட மாட்டார்கள் அம்மா. அந்தச் செய்தியை வெளியிட்டதே மீர்காட்டில் வேலை செய்த விஞ்ஞானிகள்தான்.

3ஐ/அட்லஸ் ஒரு வால்நட்சத்திரம். 2025 ஜூலை 1 அன்று சிலியில் இருக்கும் அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்தது. வெளியிலிருந்து நம் சூரியக் குடும்பத்துக்குள் வந்ததாக நமக்குத் தெரிந்த மூன்றாவது விருந்தாளி. அதனால்தான் பெயரில் அந்த 3. அக்டோபர் 24 அன்று மீர்காட் அதைப் பார்த்தபோது 1665, 1667 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு இடங்களில் கோடு தெரிந்தது. தெரிந்தது மேடு அல்ல, பள்ளம். அந்த இரண்டு இடத்திலும் பின்னணி ரேடியோ இரைச்சல் கொஞ்சம் குறைந்திருந்தது. ஹைட்ராக்சில் என்ற மூலக்கூறு அந்த அலையை விழுங்கியிருக்கிறது. வால்நட்சத்திரத்தின் பனி ஆவியாகி, அந்தத் தண்ணீரைச் சூரிய ஒளி உடைத்தால் கிடைப்பது ஹைட்ராக்சில். 1973இல் கொஹூடெக் வால்நட்சத்திரத்திலேயே இதே கோடுகளைப் பார்த்துவிட்டார்கள். செப்டம்பரில் மீர்காட் தேடியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. சூரியனை நெருங்க நெருங்கத் தண்ணீர் கூடியது, அக்டோபரில் கிடைத்தது.

வானியல்காரர் ‘ரேடியோ சிக்னல்’ என்றால் வரைபடத்தில் ஒரு கோடு. உங்கள் குழுவில் அதைப் படித்தவர்களுக்கு யாரோ மைக்கைப் பிடித்துப் பேசுவது போலக் கேட்டிருக்கிறது. அந்தக் குழுவில் மீர்காட்டின் வரைபடத்தை யாராவது போட்டார்களா? எனக்கு வந்த ஃபார்வர்டில் ஹாலிவுட் விண்கலம் ஒன்றின் படம்தான் இருந்தது.

டொங்காட் வாசகர்: எங்கள் வீட்டு வராந்தாவிலிருந்து கடல் பக்கம் பார்த்தால், கோடை மாதங்களில் ராத்திரி எட்டு மணி வாக்கில் வரிசையாக வெளிச்சங்கள் அசையாமல் நிற்கின்றன. கிங் ஷாகா விமான நிலையத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், விடியற்காலையில் ரேடாரில் ஒரு வட்டம் கிளம்பி விரிந்து விரிந்து மறைந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறார். கண்ணும் பார்த்து மெஷினும் பதிவு பண்ணினால் அப்புறம் என்ன சந்தேகம்? நீங்கள் ரேடார் மெக்கானிக்காக இருந்தவர், நீங்களே சொல்லுங்கள்.

தம்பி, முதலில் கடிகாரம். நீங்கள் பார்த்தது ராத்திரி எட்டு மணி. ரேடார் பார்த்தது விடியற்காலை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டதால் ஒன்றுக்கொன்று சாட்சி ஆகிவிடாது. இப்படி ஒட்டிய கதைகள் இந்தத் துறை முழுக்க இருக்கின்றன. கண்ணால் பார்த்தவர் ஒருவர், ரேடாரில் பார்த்தவர் வேறொருவர். பத்து வருஷம் கழித்து யாரோ எழுதும்போது இருவரும் ஒரே நிமிஷத்தில் ஒரே பொருளைப் பார்த்ததாகிவிடும்.

வட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மவுண்ட் மோர்லண்ட் நாணல் சதுப்பில் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பல லட்சம் தகைவிலான் குருவிகள் இரவு தங்குகின்றன. ஐரோப்பாவிலிருந்து வருகிற கூட்டம். விடிகிற நேரத்தில் எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பி நாலா பக்கமும் பறக்கும். மேலேயிருந்து பார்த்தால் விரிகிற வளையம்தான். 1940, 50களில் வெளிநாட்டு ரேடார்காரர்களும் இதே வளையங்களைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்கள். அங்கே நாகணவாய்க் கூட்டம். 2010இல் கிங் ஷாகா திறந்தபோது இந்தக் குருவிகளால் விமானத்துக்கு ஆபத்து வருமோ என்று பெரிய விவாதம் நடந்து, பறவைகளைக் கண்காணிக்கவே தனி ரேடார் வைத்தார்கள். உங்கள் நண்பர் பார்த்தது அந்தத் திரையா, விமானக் கட்டுப்பாட்டுத் திரையா என்று கேளுங்கள். கட்டுப்பாட்டுத் திரையில் பெரும்பாலும் தெரிவது விமானமே ‘நான் இன்னார், இவ்வளவு உயரம்’ என்று அனுப்புகிற பதில். மெதுவாகப் போகிற சமாச்சாரங்களை அந்தக் கருவி வேண்டுமென்றே வடிகட்டிவிடும். எந்த ரேடார், என்ன வடிகட்டி என்று தெரியாமல் ‘ரேடாரில் தெரிந்தது’ என்பதற்கு அர்த்தமே இல்லை.

இனி என் பழைய தொழில். டர்பன் துறைமுகத்தில் கப்பல் ரேடார் ரிப்பேர் பட்டறையில்தான் என் காலம் போனது. வெளிநாட்டுக் கேப்டன்கள் புகார் எழுதும் தாளில் ‘போலி எதிரொலி’ என்று ஒரு வரி அடிக்கடி இருக்கும். மெஷின் கெட்டிருக்கும் என்று நினைத்து எங்களைக் கூப்பிடுவார்கள். பல தடவை மெஷின் நன்றாகவே இருக்கும்.

ஒன்றை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். ரேடார் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டுக் காது கொடுத்துக் காத்திருக்கும். எதிரொலி வந்த நேரத்தை வைத்துத் தூரம் சொல்லும். வினாடிக்கு 800 துடிப்பு என்றால், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 187 கிலோமீட்டர் போய்த் திரும்பத்தான் நேரம் இருக்கிறது. இப்போது டர்பனுக்கு வெளியே 40 கிலோமீட்டர் கடலில் ஒரு கப்பல். உள்நாட்டில் டிராகன்ஸ்பர்க் முகடு அதிலிருந்து 205 கிலோமீட்டர். சாதாரண நாளில் அவ்வளவு தூரத்து எதிரொலி வலுவில்லாமல் செத்துவிடும். பெர்க் காற்று அடிக்கிற நாளில், மலையிலிருந்து இறங்குகிற அந்தச் சூடான உலர்ந்த காற்று கடல் மேல் ஒரு அடுக்காகப் படிந்தால், ரேடியோ அலை மேலே போகாமல் வளைந்து வளைந்து ஓடும். மலையின் எதிரொலி திரும்பி வருகிறது. ஆனால் அதற்குள் அடுத்த துடிப்பு கிளம்பிவிட்டது. மெஷின் அந்தப் பதிலைப் புதுத் துடிப்பின் கணக்கில் எழுதிவிடும். 205இல் 187 போனால் 18. காலிக் கடலில், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே, 18 கிலோமீட்டரில் ஒரு பெரிய பொருள்! பைனாகுலரை எடுத்துப் பார்த்தால் தண்ணீர் மட்டும்தான். கேப்டனுக்கு வியர்க்குமா, வியர்க்காதா?

நாங்கள் செய்வது ரொம்ப எளிது. தூர அளவை மாற்று. அதோடு துடிப்பு எண்ணிக்கையும் மாறும். வினாடிக்கு 1000 ஆனால் 150 கிலோமீட்டர் கணக்கு. அந்தப் ‘பொருள்’ ஒரே தாவலில் 55 கிலோமீட்டருக்கு, அதாவது நிலத்துக்கு உள்ளே போய்விடும். நிஜக் கப்பலாக இருந்தால் என் சுவிட்சைப் பார்த்து இடம் மாறாது. ‘கண்ணிமைக்கும் நேரத்தில் பல மைல் தாவியது’ என்று ரேடார் கதைகளில் படிக்கும்போதெல்லாம், அந்த நேரத்தில் சுவிட்சில் யாருடைய கை இருந்தது என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும். எந்தப் புத்தகத்திலும் அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

1952 ஜூலையில் வாஷிங்டன் விமான நிலைய ரேடாரில் அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளில் மர்மப் புள்ளிகள் தெரிந்து, போர் விமானங்கள் கிளம்பியது பெரிய கதை. அமெரிக்க விமானப்படை அப்போது சொன்ன காரணம், தரைக்கு மேல் படிந்த சூடான காற்று அடுக்கு. அந்தக் காரணம் எல்லாப் புள்ளிகளுக்கும் பொருந்துமா என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. நடக்கட்டும். அங்கே சுடச்சுட அளவை மாற்றிச் சோதித்த பதிவு கையில் இருந்திருந்தால் சண்டைக்கே இடமில்லை.

உங்கள் எட்டு மணி வெளிச்சங்களுக்குக் கடைசிக் கேள்வியில் வருகிறேன்.

மெரிபேங்க் வாசகி: என் பேரன் கைபேசியில் காந்தப்புலம் காட்டும் ஆப் போட்டுக்கொண்டு ராத்திரியில் வீடு முழுக்கச் சுற்றுகிறான். சமையலறைப் பக்கம் போனால் எண் எகிறுகிறது. வானத்தில் ஏதாவது போகும்போதும் எகிறுகிறதாம். பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. சமையலறையில் ஃபிரிஜ் மோட்டார், சுவருக்குள் கம்பி, லோட்ஷெடிங் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர், எல்லாம் இருக்கும். பூமியின் காந்தப்புலமே நம் டர்பனில் 30 மைக்ரோடெஸ்லாவுக்கும் குறைவு. சென்னையில் 40க்கு மேல். இங்கே பின்னணி மெலிது, அதனால் ஒரு இரும்புக் கதவு பக்கத்தில் வந்தாலே முள் ஆடும். கைபேசியைச் சும்மா திருப்பினால்கூட ஆடும்.

பேரனிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் 1932இல் காந்தப்புலத்தை அளக்க ஒரு நிலையம் வைத்தார்கள். புறநகர் ரயில் மின்மயமானது. ரயில் ஓடினால் கருவி ஆடியது. கடைசியில் 1941இல் நிலையத்தையே மூட்டை கட்டி ஹெர்மானஸ் ஊருக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. படித்த விஞ்ஞானிகளே ரயிலிடம் தோற்று ஊரை மாற்றினார்கள். மெரிபேங்க்கில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு உங்கள் பேரன் விண்கலத்தைத் தேடுகிறான். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். வானத்தில் ஒன்றும் இல்லாத ராத்திரிகளில் எண் எவ்வளவு என்று முதலில் எழுதட்டும். வெறும் ராத்திரியின் அளவு தெரியாமல் விசேஷ ராத்திரியை எதோடு ஒப்பிடுவான்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: அமெரிக்கக் கடற்படை விமானிகள் எடுத்த வீடியோக்களை பென்டகனே 2020இல் வெளியிட்டது. அகச்சிவப்புக் கேமரா, ரேடார், பயிற்சி பெற்ற விமானி. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பென்டகன் வெளியிட்டது என்றால் ‘வீடியோ எங்களுடையதுதான்’ என்று ஒப்புக்கொண்டது. உள்ளே இருப்பது என்ன என்று அது சொல்லவில்லை.

வெளியான மூன்று வீடியோக்களில் ஒன்று, 2015இல் எடுத்தது. கடல் மட்டத்தை ஒட்டி ஒரு வெள்ளைப் புள்ளி சீறிப் பாய்வது போலத் தெரியும். அதன் அழகு என்னவென்றால் திரையின் ஓரத்தில் விமானத்தின் உயரம், கேமராவின் கோணம், பொருளின் தூரம் எல்லாம் எண்ணாக ஓடுகின்றன. நாசா அமைத்த குழு 2023 அறிக்கையில் அந்த எண்களை வைத்துப் பள்ளிக்கூட முக்கோணக் கணக்குப் போட்டது. பொருள் கடலை ஒட்டி இல்லை, சுமார் 13,000 அடி உயரத்தில் இருக்கிறது. 22 வினாடியில் சுமார் 390 மீட்டர் நகர்ந்திருக்கிறது. மணிக்கு 40 மைல், காற்றின் வேகம். மீதி வேகமெல்லாம் கேமராவைத் தூக்கிக்கொண்டு பறந்த விமானத்துடையது. பொருள் என்ன என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. ‘சீறியது’ என்ற பேச்சுக்கு மட்டும் முற்றுப்புள்ளி வைத்தது.

2004இல் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் நிமிட்ஸின் விமானிகள் கடல் மேல் மர்மப் பொருள் பார்த்ததாகச் சொன்ன சம்பவம் வேறு. விமானி டேவிட் ஃபிரேவர் பார்த்ததைச் சொல்கிறார், உடன் வந்த பிரின்ஸ்டன் கப்பலின் ரேடார்காரர்கள் தாங்கள் பார்த்ததைச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த ரேடார் பதிவு பொதுவெளிக்கு வரவில்லை. பதிவு இல்லாத ரேடார் என்பது ரேடாரைப் பற்றிய ஒரு மனிதனின் ஞாபகம். ஞாபகத்தை நான் மதிக்கிறேன், அதில் துடிப்பு எண்ணிக்கையை மாற்றிப் பார்க்க முடியாது.

அதே நாசா அறிக்கை இந்தப் பதிவுகளில் சுட்டிய குறைகள் என்ன தெரியுமா? அளவு சரிபார்க்காத கருவிகள், ஒரே கருவியின் பார்வை, கருவியின் அமைப்பு விவரம் இல்லாமை, சாதாரண நாளின் பதிவு இல்லாமை. நான்கையும் எங்கள் பட்டறையில் புதுப் பையனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிவிடுவோம்.

ஸ்டாங்கர் வாசகர்: ‘வாவ்’ சிக்னல்?

வேற்றுக்கிரகச் செய்தியோ என்று பலர் நினைத்த ரேடியோ துடிப்பு அது. 1977 ஆகஸ்ட் 15, அமெரிக்காவின் ஒஹையோவில் ‘பிக் இயர்’ ரேடியோ தொலைநோக்கி. 72 வினாடி. அங்கே பதிவுகளைப் பார்த்த ஜெர்ரி எமன் அச்சுத்தாளில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு ‘வாவ்!’ என்று எழுதினார். ஏறி இறங்கிய விதம், வானத்தில் நிலையான ஒரு புள்ளி அந்தத் தொலைநோக்கியைக் கடந்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. நல்ல அறிகுறி. ஆனால் அந்தத் தொலைநோக்கிக்கு அலையை வாங்க இரண்டு கொம்புகள்; சில நிமிஷ இடைவெளியில் இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கும். ஒன்றில்தான் கேட்டது. பிறகு எத்தனையோ பேர் அதே திசையில் தேடியும் திரும்ப வரவில்லை. எனக்கு அது பிடித்த சிக்னல். வாதம் செய்ய உதவாத சிக்னல்.

இதோடு ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1998 முதல் அங்கே ‘பெரிட்டான்’ என்று பெயர் வைத்த விசித்திரத் துடிப்புகள் வந்துகொண்டிருந்தன. தூரத்து விண்வெளித் துடிப்பு போலவே சாயல். வேலை நேரத்தில் மட்டும் அதிகமாக வந்ததுதான் இடித்தது. 2015இல் எமிலி பெட்ரோஃப் குழு கண்டுபிடித்தது: சாப்பாடு சூடாகும் முன்பே பொறுமையில்லாமல் யாரோ மைக்ரோவேவ் கதவைத் திறந்தால், அணையும் அந்த நொடியில் உள்ளே மைக்ரோ அலையை உண்டாக்கும் மேக்னெட்ரான் குழலிலிருந்து ஒரு துடிப்பு தப்பித்து வெளியே வந்துவிடுகிறது. ரேடாரின் இதயமும் அதே மேக்னெட்ரான்தான் என்பதால் எனக்கு இந்தச் செய்தியில் ஒரு தனிச் சந்தோஷம். அதே பார்க்ஸில் 2019இல் பிராக்ஸிமா நட்சத்திரத்தின் பக்கமிருந்து 982 மெகாஹெர்ட்ஸில் ஒன்று கேட்டது; 2021இல் அதுவும் நம்முடைய மின்னணுச் சாதனங்களின் கலவை என்று தெரிந்தது. மீர்காட் இருக்கிற கரூவில் கைபேசிக்கும் மின்சாதனத்துக்கும் அத்தனை கெடுபிடி ஏன் என்று இப்போது புரிகிறதா? மீர்காட்டின் 64 கிண்ண ஆன்டெனாக்களுக்கு நடுவில் ஒரு கைபேசி ஆன் ஆனால் போதும். அதற்காகவே 2007இல் நம் நாட்டில் தனிச் சட்டம் போட்டார்கள்.

ஃபீனிக்ஸ் வாசகர்: பறவை, மலை, மைக்ரோவேவ் என்று எல்லாவற்றையும் மழுப்புவதே உங்களுக்கு வேலை. அரசாங்கம் அமைக்கிற கமிட்டி சொன்னால் அப்படியே நம்பிவிடுவீர்களா?

சூடாகக் கேட்டிருக்கிறீர்கள், சூடாகவே பதில். கமிட்டி சொன்னதை நான் நம்பாத ஒரு சங்கதி உண்டு. அதுவும் நம் வீட்டு வாசலில் நடந்தது.

1979 செப்டம்பர் 22, நம் கடிகாரத்தில் விடியற்காலை 3 மணிக்குச் சற்று முன். அணுகுண்டுச் சோதனைகளை மேலிருந்து வேவு பார்க்க அமெரிக்கா பறக்கவிட்ட வேலா வகைச் செயற்கைக்கோள்களில் ஒன்று, 6911 என்ற எண்ணுடையது, தென் கடல் பக்கம் ஒரு இரட்டைப் பளிச்சைப் பதிவு செய்தது. இரட்டை என்பதுதான் முக்கியம். அணுகுண்டு வெடித்ததும் முதல் பளிச், ஒரு மில்லிவினாடி அளவு. உடனே அதிர்ச்சி அலை திரை போட்டு நெருப்பை மறைக்கும். திரை விலகியதும் இரண்டாவது பளிச், நீளமாக. இயற்கையில் இதைப் போலச் செய்வது அபூர்வம். அதற்கு முன் வேலாக்கள் இப்படி 41 இரட்டைப் பளிச்சுகளைப் பிடித்திருந்தன, 41உம் குண்டுதான்.

அமெரிக்க அதிபர் கார்ட்டரின் அரசு, அந்நாட்டு எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஜாக் ருயினா தலைமையில் ஒரு குழு போட்டது. 1980இல் அது சொன்னது: அநேகமாகக் குண்டு இல்லை, ஒரு சின்ன விண்கல் துணுக்கு செயற்கைக்கோளில் பட்டு, தெறித்த தூசியில் வெயில் மின்னியிருக்கலாம். இதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அவர்கள் கையில் ஒரு உருப்படியான வாதம் இருந்தது. அந்தச் செயற்கைக்கோளில் இரண்டு ஒளி உணரிகள், ஒன்றைவிட ஒன்று கூர்மை. பூமியில் நடந்த வெடிப்பை இரண்டும் ஒரே விகிதத்தில் காட்ட வேண்டும். அன்றைக்கு இரண்டாவது பளிச்சில் அந்த விகிதம் கோணியது. கிட்டத்தில் ஏதோ மின்னினால்தான் அப்படிக் கோணும் என்றார்கள். குண்டு என்றால் காற்றில் கதிரியக்கத் தூசி வேண்டும். அமெரிக்க விமானங்கள் தேடியும் கிடைக்கவில்லை.

சரி, மறுபக்கம். கடலுக்கடியில் இருந்த ஒலிவாங்கிகளில் அதே நேரத்துக்கு ஒரு ஒலி. அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் கணக்குப் போட்டதில் பிரின்ஸ் எட்வர்ட் தீவுகளின் பக்கம். நம் கொடி பறக்கிற தீவுகள், டர்பனுக்குத் தெற்கே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர். போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியில் மேல் வளிமண்டலத்தில் ஓடிய ஒரு அலை. ஆஸ்திரேலியாவில் மழையில் மேய்ந்த ஆடுகளின் தைராய்டு சுரப்பியில் அயோடின்-131. அந்த ஆட்டுக் கணக்கை லார்ஸ்-எரிக் டி கீர், கிறிஸ்டோபர் ரைட் இருவரும் மறுபடி தூசி தட்டி 2018இல் வெளியிட்டார்கள். அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகிவிடும் சரக்கு. பழைய சோதனையின் மிச்சம் என்று தள்ள முடியாது.

ஒளி, கடலோசை, காற்று, ஆட்டின் கழுத்து. நான்கும் வேறு வேறு வகைக் கருவி, வேறு வேறு ஆள், ஒருவர் கெட்டால் மற்றவர் கெட வேண்டிய அவசியமில்லை. நான் குண்டு என்றுதான் நினைக்கிறேன். எந்த நாடும் இன்று வரை ஒப்புக்கொள்ளவில்லை. சந்தேகம் அன்றைய நம் நிறவெறி அரசு மேலும் இஸ்ரேல் மேலும் என்பதை அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விண்கல் துணுக்கு என்பது அன்றைய அரசியலுக்கு எவ்வளவு வசதியான பதில் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

ஆக, நான் கமிட்டியின் ஆள் இல்லை. அதே அளவுகோலை உங்கள் பறக்கும் தட்டுக்கும் பிடிக்கிறேன். வேலாவுக்குக் கிடைத்தது போல ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு வகைச் சாட்சி கிடைத்த ஒரு தட்டுச் சம்பவத்தைக் காட்டுங்கள். இந்தப் பத்தியின் அடுத்த இதழ் முழுக்க உங்களுக்கே.

மொரிஷியஸின் போர்ட் லூயிஸிலிருந்து ஒரு வாசகி: ‘விளக்க முடியவில்லை’ என்று விஞ்ஞானிகள் கைவிரித்தது பிறகு விளங்கியது உண்டா?

உங்களுக்கு வடமேற்கே மயோட் தீவு. 2018 நவம்பர் 11 அன்று அங்கேயிருந்து ஒரு நில அதிர்வு ஓசை கிளம்பி உலகத்தையே சுற்றியது. சாம்பியா, கென்யா, சிலி, நியூசிலாந்து, ஹவாய் வரை கருவிகளில் பதிவு. பூகம்பம் மாதிரி குலுக்கி அடங்கவில்லை. ஒரே சுருதியில் இருபது நிமிஷத்துக்கு மேல் ரீங்காரம். மனிதர் யாரும் உணரவே இல்லை. அதை முதலில் கவனித்து இணையத்தில் போட்டவர் பூகம்பப் பதிவுகளைப் பொழுதுபோக்காகப் பார்க்கிற ஒருவர். உடனே கடலடித் தளம், ராட்சசப் பிராணி என்றெல்லாம் ஆரம்பித்துவிட்டார்கள்.

2019 மே மாதம் பிரெஞ்சுக் கப்பல் மரியோன் டுஃபிரென் போய்க் கடலடியை அளந்தது. தீவுக்குக் கிழக்கே 50 கிலோமீட்டரில், முந்தைய வரைபடத்தில் இல்லாத 800 மீட்டர் உயரப் புது எரிமலை! தரைக்கடியில் கல் குழம்பு நகர்ந்த ஓசைதான் அது. ‘என்னவென்று தெரியவில்லை’ என்று ஒத்துக்கொண்டு, கருவியைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்துக்கே போனார்கள். ஆறே மாதம்.

லெனேசியாவிலிருந்து ஒரு மாணவர்: தாத்தா, நீங்கள் வேற்றுக்கிரகவாசிகளை நம்புகிறீர்களா, இல்லையா? ஒரே வார்த்தையில்.

இருக்கலாம். (ஒரு வார்த்தைதான் கேட்டாய்.)

மறுபடியும் டொங்காட் வாசகர்: வெளிச்சங்களைக் கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். வெருலத்தில் இருக்கும் என் தங்கையும் பார்த்தாளாம். இப்போது என்ன சொல்கிறீர்கள்?

படத்தில் கறுப்புப் பின்னணியில் ஐந்து மங்கல் புள்ளி. டர்பனுக்குள் நுழைய முறைக்குக் காத்திருக்கும் கப்பல்கள் அந்தக் கடலில்தான் நங்கூரம் போடுகின்றன. அசையாமல் வரிசையாக நிற்கின்றன என்றதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் இந்தப் படத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். வாட்ஸ்அப் படத்தை நசுக்கி, எடுத்த நேரத்தையும் கேமரா விவரத்தையும் கழற்றிவிடுகிறது. மூலக் கோப்பை டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

தங்கை இருப்பது பெரிய அதிர்ஷ்டம், அதை வீணாக்காதீர்கள். ஒரு ராத்திரி போனில் பேசிக்கொண்டு, இருவரும் ஒரே நேரத்தில் எடுங்கள். கைபேசியைக் கையில் பிடிக்காமல் சுவரிலோ பக்கி (பிக்கப் வண்டி) பானட்டிலோ சாய்த்து வையுங்கள். படத்துக்குள் அசையாத பொருள் ஒன்று இருக்கட்டும், விளக்குக் கம்பமோ தண்ணீர்த் தொட்டியின் முனையோ. மறுநாள் வெளிச்சத்தில் அதே இடத்தில் நின்று, அந்தக் கம்பத்தை அடையாளமாக வைத்து, வெளிச்சம் தெரிந்த திசையைத் திசைகாட்டியில் பார்த்து எழுதுங்கள். நிற்கிற இரண்டு இடத்துக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர் என்று வரைபடத்தில் பாருங்கள். இரண்டு இடத்திலிருந்தும் அவரவர் பார்த்த திசையில் போடும் கோடுகள் வரைபடத்தில் எங்கே வெட்டுகின்றனவோ அங்கே இருக்கிறது உங்கள் விருந்தாளி. வெட்டுகிற இடம் கடலில் என்றால், அந்த நேரத்துக் கப்பல் நிலையைக் காட்டும் இணைய வரைபடத்தில் பெயரோடு பார்க்கலாம். கோடுகள் வெட்டவே இல்லையென்றால் நீங்களும் தங்கையும் பார்த்தது ஒரே பொருள் அல்ல. வெட்டுகிற இடத்தில் கப்பலும் இல்லை, விமானமும் இல்லை என்றால் மூலக் கோப்பு இரண்டையும் எழுதிவைத்த கோணங்களையும் எனக்கு அனுப்புங்கள். என் செலவில் டொங்காட்டுக்கு வருகிறேன். ராத்திரிச் சாப்பாடு உங்கள் வீட்டில், தங்கையையும் வரச் சொல்லுங்கள்.